சேர்த்தால் ஒன்று, பிரித்தால் வேறொன்று

பளையின் மணற்பாங்கான நிலத்தில், ஒரே வேலியின் இரு புறமும் இரண்டு தென்னந்தோட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் காய்க்கும் மரங்கள் நூறு நூறு. ஆண்டு முடிவில் கணக்கெடுத்தால் கிழக்குத் தோட்டத்தில் மரத்துக்குச் சராசரி 34 தேங்காய், மேற்குத் தோட்டத்தில் 52. மேற்குத் தோட்டக்காரருக்குத்தான் தென்னை வளர்க்கத் தெரிந்திருக்கிறது என்று எவரும் சொல்லிவிடுவார். இப்போது மரங்களை வயதுப்படி பிரித்துப் பார்ப்போம். அண்மையில் காய்க்கத் தொடங்கிய இளமரங்களில் கிழக்கில் மரத்துக்கு 25 காய், மேற்கில் 20. முதிர்ந்த மரங்களில் கிழக்கில் 70, மேற்கில் 60. இளமரத்திலும் கிழக்கே முந்துகிறது, முதிர்மரத்திலும் கிழக்கே முந்துகிறது. தோட்டத்தில் இந்த இரண்டு வகையையும் தவிர வேறு மரம் இல்லை. அப்படியிருக்க, இரண்டிலும் முந்திய தோட்டம் மொத்தத்தில் பிந்தியது எப்படி? கூட்டலில் பிழை இல்லை, எண்ணியவர் எவரையும் ஏமாற்றவும் இல்லை. ஒரே தரவு, ஒரே ஆண்டு, இரண்டு நேரெதிர் முடிவுகள்.

விடை மரங்களின் கலவையில் இருக்கிறது. கிழக்குத் தோட்டத்துக்காரர் போரில் பழைய மரங்களில் பெரும்பகுதியை இழந்து, மீளக் குடியேறிய பின் புதிதாக நட்டவர் என்று கொள்வோம். அவருடைய நூறு மரங்களில் 80 இளமரம், 20 முதிர்மரம். 80 இளமரங்கள் 2,000 காய் தருகின்றன, 20 முதிர்மரங்கள் 1,400 தருகின்றன, மொத்தம் 3,400. மேற்குத் தோட்டத்தில் கலவை தலைகீழ். 20 இளமரங்கள் 400 காயும் 80 முதிர்மரங்கள் 4,800 காயும் தந்து மொத்தம் 5,200 ஆகிறது. மொத்தச் சராசரி என்பது இரண்டு வகைச் சராசரிகளின் நடுப்புள்ளி அல்ல. எந்த வகை எண்ணிக்கையில் அதிகமோ அதன் பக்கம் அது சாயும். இதை நிறையிட்ட சராசரி என்பார்கள். கிழக்குத் தோட்டத்தின் சராசரி இளமரங்களின் பக்கமும், மேற்குத் தோட்டத்தின் சராசரி முதிர்மரங்களின் பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. ஆகவே 34ஐயும் 52ஐயும் ஒப்பிடும்போது நாம் பராமரிப்பை அளக்கவில்லை, பெரும்பாலும் மரங்களின் வயதைத்தான் அளக்கிறோம். ஒப்பீட்டுக்குள் சொல்லாமல் புகுந்து இரு பக்கத்தையும் வெவ்வேறு அளவில் இழுக்கும் வயதைப் போன்ற ஒன்றை மறைகாரணி என்று அழைக்கலாம். மறைகாரணிக்கு இரண்டு இயல்புகள் இருக்க வேண்டும்: அது விளைவைப் பாதிக்க வேண்டும், ஒப்பிடப்படும் இரு தரப்பிலும் அது வெவ்வேறு அளவில் பரவியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முடிவு தலைகீழாகாது.

புள்ளிவிபரவியலில் இதற்குச் சிம்சனின் முரண் என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் சங்கேதக் குறியீடுகளை உடைக்கும் பணியில் இருந்த எட்வர்ட் சிம்சன், 1951இல் எழுதிய கட்டுரையில் இதை ஆராய்ந்தார். அவருக்கு முன்பே 1899இல் கார்ல் பியர்சனும் 1903இல் உட்னி யூலும் இதைக் கண்டிருந்தார்கள். சிம்சனின் பெயரை இதற்குச் சூட்டியவர் கொலின் பிளைத், 1972இல். உண்மையில் கணக்களவில் இங்கே முரண் எதுவும் இல்லை. மேலே கூட்டிப் பார்த்ததுபோல எல்லாம் ஒழுங்காகவே பொருந்துகிறது. முரண்படுவது நம் எதிர்பார்ப்புத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் உண்மையானது முழுமைக்கும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நாம் கேள்வி கேட்காமல் நம்புகிறோம். எண்ணிக்கைகளுக்கு அந்த நம்பிக்கை பொருந்தும். சராசரிகளுக்கும் சதவீதங்களுக்கும் அது பொருந்தாது.

கற்பனைத் தோட்டத்தை விட்டு உண்மைத் தரவுக்கு வருவோம். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள விக்கம் என்னும் இடத்தில் 1972க்கும் 1974க்கும் இடையில் ஒரு சுகாதார ஆய்வு நடந்தது. அதில் பங்குபற்றிய 1,314 பெண்களின் நிலை இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்க்கப்பட்டது. புகைபிடித்த 582 பேரில் 139 பேர் இறந்திருந்தார்கள், அதாவது 24 சதவீதம். புகைபிடிக்காத 732 பேரில் 230 பேர் இறந்திருந்தார்கள், அதாவது 31 சதவீதம். இந்த இரண்டு வரியை மட்டும் வாசிப்பவர் புகையிலை ஆயுளைக் கூட்டும் என்று முடிவுகட்டலாம். ஆனால் ஆய்வு தொடங்கியபோது 55 முதல் 64 வயதுக்குள் இருந்தவர்களைத் தனியே எடுத்தால், புகைபிடித்தவர்களில் 44 சதவீதமும் பிடிக்காதவர்களில் 33 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஏனைய வயதுக் குழுக்களிலும் பெரும்பாலும் இதே திசைதான். மறைகாரணி வயது. ஆய்வு தொடங்கியபோது 65 வயதைத் தாண்டியிருந்தவர்கள் புகைபிடித்தவர்களில் 49 பேர் மட்டுமே, பிடிக்காதவர்களிலோ 193 பேர். முந்திய தலைமுறைப் பெண்களிடம் புகைப்பழக்கம் குறைவாக இருந்தது. எனவே புகைபிடிக்காதவர் தொகுதியில் முதியவர்கள் நிறைந்திருந்தார்கள், இருபது ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள்.

இதே காரணத்தால்தான், ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கில் பிரித்தானியாவைவிட இலங்கை நல்ல நிலையில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் இந்த வீதம் இலங்கையில் 6க்கும் 7க்கும் இடையிலும், பிரித்தானியாவில் 9க்கும் 10க்கும் இடையிலும் இருந்தது. பிறக்கும் குழந்தை எதிர்பார்க்கக்கூடிய ஆயுளோ அங்கேதான் சில ஆண்டுகள் கூட. அங்கே முதியவர்களின் பங்கு அதிகம், முதுமையில் இறப்பு அதிகம். மொத்த வீதம் அந்தப் பக்கம் சாய்கிறது. இதை அறிந்த குடித்தொகையியலாளர்கள் மொத்த வீதத்தை வைத்து நாடுகளின் சுகாதாரத்தை ஒப்பிடுவதில்லை. இரு நாடுகளுக்கும் ஒரே வயதுக் கலவை இருந்தால் வீதம் எப்படி இருக்கும் என்று திருத்திக் கணித்த பிறகே ஒப்பிடுகிறார்கள். நம் தோட்டங்களிலும் அதைச் செய்யலாம். இரண்டிலும் பாதி இளமரம், பாதி முதிர்மரம் என்று கலவையைச் சமப்படுத்தினால் கிழக்கின் சராசரி 47.5 ஆகவும் மேற்கின் சராசரி 40 ஆகவும் வரும். மறைந்திருந்த ஒழுங்கு வெளியே வந்துவிடும்.

இதுவரை சொன்னதைக் கேட்டவர், மொத்தம் எப்போதும் பொய், பிரித்துப் பார்த்தால் உண்மை என்று ஒரு விதியை வகுத்துக்கொள்ளக்கூடும். அந்த விதி தவறு. அது ஏன் தவறு என்பதை, இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் இன்னொரு வழக்கு தெளிவாக்கும். 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேரில் 44 சதவீதமும், பெண்கள் 4,321 பேரில் 35 சதவீதமும் அனுமதி பெற்றார்கள். பெண்களுக்கு அநீதி நடந்ததா? பீட்டர் பிக்கெல் என்ற புள்ளிவிபரவியலாளரும் அவருடன் இருவரும் துறைவாரியாகத் தரவைப் பிரித்து ஆராய்ந்து 1975இல் வெளியிட்டார்கள். 85 துறைகளில் பெண்களுக்குப் பாதகமான குறிப்பிடத்தக்க வேறுபாடு 4 துறைகளில்தான் இருந்தது, ஆண்களுக்குப் பாதகமானது 6 துறைகளில். ஒரு பெரிய துறையில் 825 ஆண்களில் 62 சதவீதமும் 108 பெண்களில் 82 சதவீதமும் அனுமதி பெற்றிருந்தார்கள். இன்னொன்றில் 373 ஆண்களில் 6 சதவீதமும் 341 பெண்களில் 7 சதவீதமும்தான் பெற்றிருந்தார்கள். இடம் எளிதில் கிடைக்கும் துறைகளுக்கு ஆண்கள் திரளாக விண்ணப்பித்தார்கள், போட்டி கடுமையான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்தார்கள். மொத்தத்தில் தெரிந்த இடைவெளி அங்கிருந்து வந்தது.

ஆனால் ஆய்வாளர்கள் அநீதியே இல்லை என்று சொல்லி நிறுத்திவிடவில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்ற கேள்வியையும் எழுப்பினார்கள். கணிதம் அதிகம் வேண்டிய துறைகளுக்குப் பெண்பிள்ளைகளைச் சிறுவயதிலிருந்தே ஆயத்தப்படுத்தாத சமூகமே அந்தத் தெரிவுக்குக் காரணமென்றால், துறைவாரியாகப் பிரிக்கும்போது அந்த அநீதி கணக்கிலிருந்து நழுவிவிடும். தெரிவுக்குழுக்கள் பாரபட்சம் காட்டினவா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பிரித்த தரவு விடை சொல்லும். பட்டமேற்படிப்பை அடையும் பாதை முழுவதிலும் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம வாய்ப்பு இருந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு மொத்தத் தரவைத்தான் பார்க்க வேண்டும். தோட்டத்திலும் இப்படி ஒரு நிலை வரலாம். ஒரு பசளை காய்ப்பைக் கூட்டுகிறதா என்று அறிய விரும்புகிறோம். அது மரத்தில் குலைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதன் மூலமே வேலை செய்கிறது என்று கொள்வோம். அப்போது மரங்களைக் குலை எண்ணிக்கைப்படி பிரித்துப் பசளை இட்டதையும் இடாததையும் ஒப்பிட்டால், பசளையால் பயனில்லை என்ற முடிவே வரும். பசளை செய்த வேலையையே நாம் பிரித்து அகற்றிவிட்டோம். வயது பசளைக்கு முன்பே இருந்தது, ஆகவே அதன்படி பிரிக்கலாம். குலை பசளைக்குப் பின் வந்தது, அது காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே நிற்கும் இடைக்காரணி. அதன்படி பிரிக்கக்கூடாது. மறைகாரணியும் இடைக்காரணியும் அட்டவணையில் ஒரே மாதிரித்தான் தோன்றும். எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எது எது என்று தெரியாது. எது முன், எது பின், எது எதை உண்டாக்கியது என்ற அறிவு எண்களுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். யூடியா பேர்ல் என்னும் கணினி அறிவியலாளர் பல பத்தாண்டுகளாக வலியுறுத்திவருவது இதைத்தான். சேர்ப்பதா பிரிப்பதா என்பதை முடிவுசெய்வது தரவு பிறந்த விதம்.

இந்தக் கேள்வி நமக்கு ஏட்டுக் கணக்காக மட்டும் இருந்ததில்லை. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியின் வரலாறே, யாரை யாரோடு சேர்ப்பது, யாரை யாரிடமிருந்து பிரிப்பது என்ற கேள்வியின் வரலாறுதான். முதலில் நமக்கு அண்மையான நிகழ்வைப் பார்ப்போம். உயர்தரத்தில் கலைப்பிரிவில் ஒருவர் தமிழும் புவியியலும் இந்து நாகரிகமும் எடுக்கிறார், மற்றொருவர் பொருளியலும் அளவையியலும் வரலாறும் எடுக்கிறார். ஒரு பாடத்தில் 70 புள்ளி எளிது, மற்றொன்றில் 55 கூட அரிது. இருவரின் கூட்டுப்புள்ளிகளை நேரடியாக ஒப்பிடுவது எளிய பாடத்தை எடுத்தவருக்குச் சலுகையாகும். இதைத் தீர்க்க, பேராதனைப் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து கைக்கொள்ளப்பட்டது. ஒரு மாணவர் தாம் எழுதிய பாடத்தின் இடையிலிருந்து, அதாவது அந்தப் பாடத்தை எழுதிய எல்லோரின் சராசரியிலிருந்து, எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதை இது அளக்கிறது. அந்தத் தூரத்தை, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்கிறார்கள். சுருங்கச் சொன்னால், மாணவர்களைப் பாடவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் தத்தம் குழுவுக்குள் வைத்து அளந்து, பிறகு ஒன்றாக வரிசைப்படுத்துகிறார்கள்.

2011 ஓகஸ்ட் மாதப் பரீட்சையில் ஒரு சிக்கல் வந்தது. புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்திருந்ததால் முதன்முறை தோற்றியவர்கள் புதிய வினாத்தாளையும், மீண்டும் தோற்றியவர்கள் பழைய வினாத்தாளையும் எழுதினார்கள். இரண்டு தொகுதியினரின் தரவும் இணைக்கப்பட்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. இதனால் என்ன நேரக்கூடும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். புதிய வினாத்தாளின் இடை 40, பழையதின் இடை 55 என்று கொள்வோம். புதியதை எழுதிய மாணவி ஒருவர் 50 பெறுகிறார், பழையதை எழுதிய மாணவர் ஒருவர் 52 பெறுகிறார். மாணவி தம் குழுவின் இடைக்குப் 10 புள்ளி மேலே நிற்கிறார், மாணவர் தம் குழுவின் இடைக்கு 3 புள்ளி கீழே நிற்கிறார். ஆனால் இரு குழுவையும் கலந்து ஒரே இடையை எடுத்தால் 52 பெற்றவர் முன்னே போய்விடுவார். பிரித்தால் ஒருவர், சேர்த்தால் மற்றவர். வெட்டுப்புள்ளியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு இது வாழ்க்கையின் திசை. பெறுபேறுகள் வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது. 2012 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரு தொகுதியினரையும் தனித்தனிக் குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்கப் பணித்தது. சராசரியை எந்தக் குழுவுக்குள் எடுப்பது என்ற கேள்வி ஒரு நாட்டின் உச்ச நீதிபீடம்வரை போனது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. இரு குழுவையும் தனித்தனியே அளப்பது, இரு குழுவும் சராசரித் திறமையில் சமம் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதல்லவா? மீண்டும் தோற்றியவர்கள் ஓராண்டு கூடுதலாகப் படித்தவர்கள். முந்திய ஆண்டில் மிகச் சிறப்பாகச் செய்தவர்கள் அவர்களிடையே இல்லை, மனம் தளர்ந்து விலகியவர்களும் இல்லை. முதன்முறை தோற்றியவர்களின் கூட்டம் இப்படிச் சல்லடையில் சலிக்கப்பட்டதல்ல. எனவே இடைகளில் வேறுபாடு இருந்தால் அது வினாத்தாளின் கடினத்தால் வந்ததாகவும் இருக்கலாம், மாணவரின் ஆயத்தத்தால் வந்ததாகவும் இருக்கலாம். இந்த ஆட்சேபம் சரியானதே. ஆனால் அது சேர்த்துக் கணித்ததை நியாயமாக்கவில்லை. சேர்ப்பது, வேறுபாடு முழுவதும் திறமையால் வந்தது என்று கொள்கிறது. பிரிப்பது, முழுவதும் வினாத்தாளால் வந்தது என்று கொள்கிறது. இரண்டில் எது உண்மைக்குக் கிட்டியது என்று கேட்டால், வினாத்தாள்கள் வெவ்வேறானவை என்பது கண்ணால் காணக்கூடிய உண்மை. வெவ்வேறு வினாத்தாளில் பெற்ற 50ஐயும் 52ஐயும் ஒரே கோலால் அளந்ததாகக் கொள்ள இடமில்லை. இரண்டையும் உண்மையாகவே பிரித்தறிய வேண்டுமானால் பரீட்சைக்கு முன்பே திட்டமிட்டிருக்க வேண்டும். இரு வினாத்தாள்களிலும் பொதுவான சில வினாக்களை வைத்திருந்தால், அவற்றில் இரு குழுவும் எப்படிச் செய்தன என்பதைக் கொண்டு திறமை வேறுபாட்டையும் வினாத்தாள் வேறுபாட்டையும் தனித்தனியே மதிப்பிடலாம். பரீட்சை முடிந்த பிறகு எந்தச் சூத்திரத்தாலும் அந்தத் தகவலை உண்டாக்க முடியாது.

பிரிப்பதே அநீதியாகவும் ஆகலாம் என்பதற்கு எழுபதுகளின் வரலாறு சான்று. 1971 அனுமதியில் மருத்துவ, பல் மருத்துவப் பிரிவுகளுக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229உம் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250உம் குறைந்தபட்சத் தகுதிப் புள்ளிகளாக இருந்தன. 1973இல் இது மொழிவாரித் தரப்படுத்தலாக முறைப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளும் தனித்தனியே பொது அளவுகோலுக்கு மாற்றப்பட்டு, தோற்றியவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தெரிவு அமையுமாறு செய்யப்பட்டது. கணக்கு முறையில் இதுவும் 2012 தீர்ப்பு கோரியதும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் குழுவைப் பிரித்து, ஒவ்வொருவரையும் தம் குழுவின் இடையோடு ஒப்பிடுகின்றன. ஆனால் தரவு பிறந்த விதம் வேறு. 2011இல் இரு குழுவினரும் எழுதியவை வெவ்வேறு பாடத்திட்டத்தின் வெவ்வேறு வினாத்தாள்கள். எழுபதுகளில் இரு மொழிமூலத்தினரும் ஒரே பாடத்திட்டத்தின் ஒரே பரீட்சையை மொழிபெயர்ப்பில் எழுதினார்கள். அங்கே பிரிப்பதற்கு ஒரே நியாயமாக இருக்கக்கூடியது, விடைத்தாள் திருத்தியோர் ஒரு மொழியில் தாராளமாகவும் மற்றதில் இறுக்கமாகவும் நடந்தார்கள் என்பது. அப்படியொரு குற்றச்சாட்டு எழுந்தது, ஆனால் நிறுவப்படவில்லை. அது நிறுவப்படாத நிலையில் புள்ளி வேறுபாட்டை நீக்குவது பிழை திருத்தம் ஆகாது. மாணவர் உழைத்துப் பெற்றதை நீக்குவதாகவே முடியும். ஒரே சூத்திரம் ஒரு சூழலில் நீதியாகவும் மற்றொன்றில் அநீதியாகவும் இருந்தது. சூத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வராது.

1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளை வசதியுள்ள நகரப் பாடசாலைகளின் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல என்பது இதன் அடிப்படை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமை பிள்ளையின் திறமைக்கு வெளியேயிருந்து புள்ளியைப் பாதிக்கும் காரணி. அந்த வகையில் இந்தப் பிரிப்புக்கு ஒரு காரணக் கதை இருந்தது. ஆனால் கோடு எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதுவரை அது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே கோட்டா தொடங்கிய முதற் பத்தாண்டில், இரணைமடுக் குளத்தை நம்பிய குடியேற்றக் கிராமத்துப் பிள்ளை, நீண்ட கல்விப் பாரம்பரியமுள்ள யாழ்ப்பாண நகரக் கல்லூரிப் பிள்ளையோடு ஒரே மாவட்டமாக எண்ணப்பட்டது. பின்தங்கியவருக்காக வகுத்த முறையில், யாழ்ப்பாணம் என்ற ஒற்றைச் சராசரிக்குள் கிளிநொச்சியின் பின்தங்கல் மறைந்துபோனது. இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகியவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 சதவீதம் இந்தப் பட்டியலுக்குக் கூடுதலாகவும் ஒதுக்கப்படுகிறது. ஆயினும் கோடு கோடுதான். பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தின் முகமாலை கிளிநொச்சி மாவட்டம், அதையடுத்த எழுதுமட்டுவாள் யாழ்ப்பாண மாவட்டம். அடுத்தடுத்த ஊர்களின் பாடசாலைகளில் ஒரே புள்ளி பெற்ற இரு பிள்ளைகளுக்கு இரண்டு வெட்டுப்புள்ளிகள். எல்லை எங்கோ ஓரிடத்தில் விழத்தான் வேண்டும் என்பது உண்மை. ஆனால் மாவட்டச் சராசரி, உள்ளே இருப்பவர் எல்லோரையும் ஒரே மாதிரியானவராகக் காட்டிவிடும் என்பதை மறக்கக்கூடாது. கிளிநொச்சி நகரத்துப் பாடசாலையும் காட்டோரக் கிராமத்துப் பாடசாலையும் இன்று ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன.

இதை எல்லாம் கேட்டபின், விரும்பியபடி பிரித்தும் சேர்த்தும் எதையும் நிறுவலாம், ஆகவே புள்ளிவிபரத்தை நம்பவே வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம். அந்த முடிவு ஆபத்தானது. எண்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது உரத்துப் பேசுபவரின் சொல் மட்டுமே. விரும்பியபடி பிரிக்கலாம் என்பதும் சரியல்ல. பிரிப்புக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. எந்தக் காரணியின்படி பிரிக்கிறோமோ அது ஒப்பிடும் விடயத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அது விளைவைப் பாதிக்கும் வழி விளங்கியிருக்க வேண்டும். முடிவைக் கண்ட பிறகு தேடிப்பிடித்த பிரிப்பாக அது இருக்கக்கூடாது. குழுக்களும் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். வன்னியில் இந்தக் கடைசி நிபந்தனை முக்கியம். ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவில் 8 பேர் தோற்றி 2 பேர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் அது 25 சதவீதம். அடுத்த ஆண்டு ஒருவர் மட்டும் தெரிவானால் பெறுபேறு பாதியாகச் சரிந்தது என்று எழுதிவிடலாம். நடந்தது ஒரு பிள்ளையின் வேறுபாடு. துண்டு துண்டாகப் பிரிக்கப் பிரிக்க, ஒவ்வொரு துண்டிலும் தற்செயலின் கை ஓங்கும்.

முடிந்த இடங்களில் மறைகாரணியை வெல்ல இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் பிஷர் வகுத்த எழுமாற்றுச் சோதனை அது. எந்தப் பாத்திக்கு எந்தப் பசளை என்பதை ஆய்வாளர் தம் விருப்பப்படி தெரிவுசெய்யாமல், நாணயம் சுண்டுவதுபோல எழுமாற்றாக ஒதுக்குவார். அப்போது மண்ணும் வயதும் ஈரமும், நமக்குத் தெரியாத வேறு எந்தக் காரணியும், இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். புதிய மருந்துகளைச் சோதிப்பதும் இந்த வழியில்தான். ஆனால் எந்தப் பிள்ளை எந்த மாவட்டத்தில் பிறக்க வேண்டும், யார் இருபது ஆண்டு புகைபிடிக்க வேண்டும் என்று நாணயம் சுண்ட முடியாது. அத்தகைய கேள்விகளில் தரவு பிறந்த கதையை விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தரவு மௌனமாக இருக்கும் இடத்தில், அந்த ஊரையும் தொழிலையும் வகுப்பறையையும் அறிந்தவரின் அறிவு புள்ளிவிபரவியலின் ஒரு பகுதியாகிறது.

முழுத் தலைகீழ் மாற்றம் அபூர்வம்தானே, இதற்கு ஏன் இத்தனை கவலை என்றும் கேட்கலாம். முடிவு நேரெதிராகப் புரள்வது அரிதாக இருக்கலாம். ஆனால் அதே மறைகாரணி ஒரு வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுவதும் சுருக்கிக் காட்டுவதும் நாள்தோறும் நடப்பவை, அவை கண்ணில் படுவதுகூட இல்லை. வன்னியில் இது எங்கே வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். உயர்தரத்தில் பிரிவுக்குப் பிரிவு சித்தி வீதம் வேறுபடும். கலைப்பிரிவு மட்டும் இருந்த ஒரு பாடசாலை, பல ஆண்டு முயற்சியில் ஆசிரியரைப் பெற்று, சித்தி வீதம் குறைந்த கணிதப் பிரிவைப் புதிதாகத் தொடங்குகிறது. கலைப்பிரிவில் அதன் பெறுபேறு முன்னைவிட உயர்கிறது. கணிதப் பிரிவிலும் அயற்பாடசாலைகளைவிட நன்றாகச் செய்கிறது. ஆனால் மாணவரில் ஒரு பகுதியினர் கடினமான பிரிவுக்குப் போனதால் பாடசாலையின் மொத்தச் சித்தி வீதம் இறங்குகிறது. அந்த ஒற்றை எண்ணை மட்டும் வெளியிட்டால் முன்னேறிய பாடசாலை பின்தங்கியதாகப் பேசப்படும். அதிபர் கேள்விக்குள்ளாவார், பெற்றோர் பிள்ளைகளை வேறிடம் சேர்க்க எண்ணுவார்கள். அடுத்த பாடசாலை கணிதப் பிரிவைத் தொடங்கத் தயங்கும். நிரல்வரிசையில் மேலே நிற்பதற்குக் கடினமான பாடத்தைத் தவிர்ப்பதே சுலபமான வழியாகிவிடும்.

ஆகவே பரீட்சைப் பெறுபேறோ நோய்க் கணக்கோ வேலைவாய்ப்போ, குழுக்களை ஒப்பிடும் எந்த எண் வந்தாலும் மூன்று விடயங்களைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. இந்த மொத்தத்துக்குள் என்னென்ன குழுக்கள் எந்தக் கலவையில் இருக்கின்றன? அந்தக் கலவை இரு தரப்பிலும் ஒன்றா? வேறு என்றால், அந்த வேறுபாடு நாம் நீக்க வேண்டிய இடையூறா, அல்லது நாம் அறிய விரும்பிய விடயமேயா? முதல் இரண்டுக்கும் விடை அட்டவணையில் இருக்கிறது. கல்வி வலயமும் திணைக்களமும் பிரிவுவாரியாகவும், முதன்முறை தோற்றியவர், மீண்டும் தோற்றியவர் என்றும் பிரித்து வெளியிட்டால் எவரும் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு விடை எந்த அட்டவணையிலும் இல்லை. அதை ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் அதிகாரிகளும் வாதிட்டுத்தான் காண வேண்டும், அந்த வாதம் கணக்கு முடிந்த பின்னல்ல, கணக்குத் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். 1971இலும் 2011இலும் அது முன்பே நடந்திருந்தால் பல ஆயிரம் இளையோரின் ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.